தச்சன் குருவி ஐந்தோடு நிறுத்தியது

1974 மார்ச் 3
ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகவில்லை. நிறைமாதம். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. தலைவலி வேறு. மருத்துவச்சி மெக் யாம் காலை அழுத்திப் பார்த்தாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போயிடு செமெக். இது என் கைக்கு மீறினது."

மார்ச் 4
வீட்டுக்காரர் ஜூசோவிடம் சொன்னேன். அவர் தங்கை பிரசவத்துக்கு அங்கே போய்ப் பிணமாகத் திரும்பியவள். "குருவியக் கேப்போம்" என்கிறார்! பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் பின்னால், பிணம் அடக்கும் மையவாடிக் கம்பத்தில் உட்காருமே, தச்சன் குருவி, அதை. பட்டணத்துக்காரர்கள் ஆந்தை என்பார்கள். ஆந்தைக்கு ஏது சுத்தியல் சத்தம்? எத்தனை தட்டும் என்று காப்பிக்கடையில் பந்தயம் கட்டுவார்கள். இன்று பந்தயம் என் உயிர்.

"ஒத்தப்படையில நிறுத்துனா நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். ரெட்டப்படைன்னா வீட்டுலதான். அது பொய் சொல்லாது."

பயமாக இருக்கிறது.

மார்ச் 5, விடியல்
நேற்று மாலை அவர் வாசற்படியில் உட்கார்ந்து எண்ணினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். டொக். டொக். ஐந்தாவது விழுந்ததும் கல்லை எறிந்தேன். விரட்டத்தான். அல்லாவே, விரட்டத்தான். பொத்தென்று ஏதோ விழுந்தது.

"அஞ்சு! செமெக், அஞ்சு!" என்று கத்தினார். இதோ, கிளம்புகிறோம்.

மார்ச் 19
பெண் குழந்தை. அறுத்துத்தான் எடுத்தார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்குமாம். "குருவி குடுத்த புள்ள" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

கம்பத்தடியில் இறகு. எறும்பு.

மார்ச் 27
பால் கொடுக்க உட்கார்ந்தாலே கேட்கிறது. டொக். "உங்களுக்குக் கேக்குதா?" என்றேன்.

"எது?"

ஏப்ரல் 2
"குருவியக் காணோமே. வந்த வேலைய முடிச்சுட்டுப் போயிருச்சு போல" என்றார். சிரிப்பு வந்தது. பிறகு அடுக்களையில் போய் அழுதேன்.

மே 11
குழந்தைக்கு உடம்பு கொதித்தது. அவர் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். "பொறு. வேற ஒண்ணாவது வந்து சொல்லும்." இருட்டியது. பிள்ளை முனகுவதையும் நிறுத்திவிட்டாள். இனி என்ன ஒளிவு மறைவு?

"ஒண்ணும் வராது. நாந்தான் கல்லால அடிச்சேன். அஞ்சோட நிறுத்துனது நாந்தான். செத்துப்போச்சு!"

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத முடியாது. எழுந்துபோய் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

மே 14
காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டபோது யாரையும் கேட்காமல் போட்டார். என்னோடு பேச்சில்லை.

மே 20
சோறு போட்டேன். தட்டைத் தள்ளிவைத்தார். "கொன்ன கை" என்றார். ஒன்பது நாளில் முதல் பேச்சு.

பிள்ளை அழுதாள். தூக்கித் தோளில் போட்டு ஆட்டிப் பார்த்தார். அடங்கவில்லை. கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.