பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்

இன்று காலை எங்கள் தெருச் சாக்கடை ஓரமாக நகராட்சி ஆள் சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டு போனான். நேற்றைய மழையில் தரை இன்னும் காயவில்லை. ஈரத்தில் விழுந்த சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறியதும், கையிலிருந்த பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து மாமியார், "இன்னாம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விழுப்புரம் மைதானத்தில் கோடு போட்டிருந்த சுண்ணாம்பு அன்றைக்கு உன் பாவாடையிலும் ஒரு பக்கத்துத் தலைமயிரிலும் அப்பியிருந்தது. அதை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் எழுதியது ஒரே ஒரு கார்டுதான். அதில் இருந்ததும் பொய். இதிலாவது உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்க்கிறேன்.

திண்டிவனத்து ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் நமக்குப் பந்து வந்தது தற்செயலாகத்தான். டிரில் டீச்சருடைய தம்பி மதராஸ் கல்லூரியில் ஆடுகிறவர். பழைய பந்து ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வளையம் வீசி விளையாடிக்கொண்டிருந்த நம்மிடம் டீச்சர் அதை உருட்டிவிட்டார். மற்றவர்கள் விலகி ஓடினார்கள். நீ ஓடவில்லை. பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலின் உள்பக்கத்தால் அதை நிறுத்தினாய். பெருமுக்கல் பக்கத்துக் கொல்லைகளில் அப்பா அம்மாவோடு கூலிக்குப் போய் வளர்ந்த கால் உன்னுடையது. கல்லும் முள்ளும் பழகிய கால். ஒரே மாதத்தில் பந்து உன் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. நான் கோல் கீப்பர். எனக்கு ஓட வராது, ஆனால் பந்துக்குப் பயப்படமாட்டேன். "நீ பின்னால நின்னுக்கினா எனக்குத் திரும்பிப் பாக்க வேண்டியதில்லடி" என்று சொல்வாய். அந்த வயதில் எனக்கு யாரும் அதைவிடப் பெரிதாக எதையும் சொன்னதில்லை.

விழுப்புரத்தில் வருஷா வருஷம் நடக்கும் ஆண்கள் போட்டியின் கடைசி நாளன்று, இறுதி ஆட்டத்துக்கு முன்னால் நம் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அரைமணி நேரம் ஆடவேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வெள்ள நிவாரணத்துக்காக என்றார்கள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி நீலப் பாவாடையும் வெள்ளைப் பாவாடையும் தைக்கச் சொன்னார். ஹாஸ்டலில் இருந்த நீங்கள் எல்லோரும் அதற்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் நான் லீவு எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன்.

அப்பா ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். ஒருநாள் சாயந்திரம் ரோஜா நிற நோட்டீஸ் ஒன்றை மடித்துக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். 'இதுவரை காணாத பெண்கள் பந்தாட்டம். வயிறு குலுங்க ஒரு சிரிப்பு விருந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டும் ஒருவர் மைக்கில் பேசப்போகிறார் என்று கீழே எழுதியிருந்தது. பந்தைத் துரத்தும் ஒரு குண்டுப் பெண்ணின் படம் வேறு.

"இதுல நீயும் இருக்கியா?" என்று கேட்டார் அப்பா.

நான் நோட்டீஸை மறுபடி மடித்தேன்.

"ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு இன்னா, கேக்க ஆளில்ல. நாளைக்கு நான் பிளாட்பாரத்துல நடந்து போவணும். நீ போவக்கூடாது."

அன்றைக்கே உனக்குக் கார்டு எழுதினேன். காய்ச்சல், வரமுடியாது, சரோஜாவை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். நோட்டீஸைப் பற்றி எழுதவில்லை. நீங்கள் ஆடப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் உங்களை வைத்துச் சிரிக்கப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு வரி போதும். கார்டில் இடம் இருந்தது. எழுதினால், அப்பா தடுத்ததையும் சொல்லவேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்தன்று ஊரே போனது. அம்மாவும் எதிர்வீட்டு அம்மாளும் கிளம்பினார்கள். நானும் போனேன். அப்பா ஆடத்தான் கூடாது என்றார். பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. பெண்களுக்கு என்று ஒரு கோலுக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தனியாக இடம் விட்டிருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தோம். மடியில் உரித்துத் தின்ன அவித்த மல்லாட்டைக் கடலை.

நீங்கள் வரிசையாக ஓடி வந்தபோது எழுந்த சத்தத்தை வரவேற்பு என்று நீ நினைத்திருப்பாய். கையை உயர்த்திக் கும்பிட்டாய். எங்களுக்குப் பின்னால் மரத்தில் ஏறியிருந்த ஒருவன், "இன்னாடா இது, அரை நிக்கர் போட்டுக்கினு வருவாளுங்கன்னு சொன்னானுங்க, பேஜாரா கீதே" என்றான். அவனுக்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது. பந்து முதல் முறை உருண்டதுமே மைக் ஆரம்பித்துவிட்டது. யாராவது பந்தை உதைத்தால் "மாவு ஆட்டுற காலு" என்றது. தடுக்கினால் "அடுப்புல சோறு கொதிக்குது, ஜல்தி போம்மா" என்றது. பெண்கள் பக்கத்தில்தான் அதிகமாகச் சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் என் தொடையைத் தட்டித் தட்டி, "பெத்தவ பாத்தா நாண்டுக்குவா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு அது நடந்தது. நடு மைதானத்தில் பந்து உன்னிடம் வந்தது. நீ தலையைத் தூக்கவே இல்லை. ஒருத்தியைத் தாண்டினாய், இன்னொருத்தியைத் தாண்டினாய், இடப்பக்கம் போவதுபோல் சாய்ந்து வலப்பக்கம் எடுத்துக்கொண்டு போனாய். கூட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. மைக்கும் நின்றது. எங்கள் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி, "அய்ய, எவ்ளோ ஜோரா போவுது பாரு அந்தப் பொண்ணு" என்றாள். நீ அடித்தாய். பந்து கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஆயிரக்கணக்கான பேர் இருந்த இடத்தில் பந்து போய் வேலித் தட்டியில் மோதும் சத்தம் கேட்டது.

அந்த அமைதி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வயிறு குலுங்கச் சிரிக்க வந்தவர்கள் அவர்கள். மைக்கில் பேசியவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "கோல் போட்டாச்சு, மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்றார். மைதானம் மறுபடி வெடித்தது. நான் கைதட்டத் தூக்கியிருந்த கையை மடியில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பந்து எங்கள் பக்கத்துக் கோலுக்கு வந்தது. நான் நிற்கவேண்டிய இடத்தில் சரோஜா நின்றாள். அவள் அதற்கு முன் ஒரு நாள்கூடக் கோலில் நின்றதில்லை. மெதுவாக உருண்டு வந்த பந்து, காலால் நிறுத்தியிருக்கலாம். அவள் பயந்து கண்ணை மூடிக்கொண்டு அப்படியே விழுந்தாள். பந்தை வெளியே தள்ள நீ ஓடிவந்து நீட்டிய காலின்மேல் அவள் முழு உடம்பும் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே. சத்தம் எனக்குக் கேட்டது.

"அம்மா" என்று அலறினாய்.

"இதோ படுத்துட்டாங்க, யாராவது தாலாட்டுப் பாடுங்கப்பா" என்றது மைக். எதிர்ப்பக்கத்தில் சில பேர் உன் குரலைப்போலவே "யம்மா" என்று கூவினார்கள். அது பரவியது. நீ ஒரு முறை கத்தினால் மைதானம் முழுவதும் ஒரு முறை கத்தியது. சரோஜா எழுந்து அழுததைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். நீ தரையில் புரண்டு எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினாய். பத்தடி தூரம்கூட இல்லை. என்னைப் பார்த்தாய்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பயத்தில் சிரித்தேன், பக்கத்திலிருந்தவர்கள் கண்டுகொள்ளக்கூடாது என்று சிரித்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. எல்லோரும் சேர்ந்து "யம்மா" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உன் கால் ஒடிந்தது தெரிந்தும் வந்தது.

அம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெஜமாவே அடி பட்டுட்ச்சு போல கீதே. உன்கூடப் படிக்கிற பொண்ணா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

ரெஃப்ரி குனிந்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். டீக்கடை பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து அதில் உன்னைத் தூக்கிப் போனார்கள். அதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று எண்ணிக் கூட்டம் கைதட்டியது. மைக் கோமாளிக்கு மாலை போட்டார்கள். பெஞ்சு கிடந்த இடத்தில் ஒரு ஆள் வந்து, அழிந்துபோன சுண்ணாம்புக் கோட்டை மறுபடி போட்டான்.

உடனே ஆண்கள் ஆட்டம் தொடங்கியது. பாதி ஆட்டத்தில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அந்த மனுஷன் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டதும் மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. மரத்தில் இருந்தவன்கூட வாயைத் திறக்கவில்லை. "பாவம், எந்த ஊட்டுப் புள்ளையோ" என்று எதிர்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே கூட்டம்தான். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பெரியாஸ்பத்திரியில் நீ மூன்று வாரம் கிடந்தாய். எங்கள் வீட்டிலிருந்து அது பத்து நிமிஷ நடை. ஒரு முறை வார்டு வாசல்வரை வந்தேன். யாரோ இரண்டு பேர், "பந்து ஆடின பொண்ணு எது?" என்று ஆயாவிடம் கேட்டு, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் அவர்களைப் போலவே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கட்டை ஊன்றிக்கொண்டு நீ பள்ளிக்குத் திரும்பியபோது டிரில் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். பந்தையும் காணோம். சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நீ என் எதிரில் வந்து நின்றாய்.

"காய்ச்சல் உட்டுடுச்சா?" என்று கேட்டாய்.

அதன்பிறகு படிப்பு முடியும்வரை நீ என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

கால் கோணலாகத்தான் கூடியது. உன் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு மிஷன் பள்ளியில் உனக்கு வேலை கிடைத்தது. எனக்கு விழுப்புரத்தில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். ஆசிரியர் கூட்டத்துக்காகத் திண்டிவனம் வந்த ஒருநாள் நாம் இருவரும் பஸ் ஸ்டாண்டு வழியாகச் சேர்ந்து நடக்க நேர்ந்தது. சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் நீ காலை இழுத்துப் போட்ட ஒவ்வொரு அடிக்கும், "கோல்... கோல்..." என்றார்கள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. பழக்கத்தில் சொல்வதுபோலச் சொன்னார்கள். அத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் என்னை அறியாமல் இரண்டடி முன்னால் போயிருந்தேன்.

"நீ போ. நான் வர்றேன் மெதுவா" என்றாய். நான் போய்விட்டேன்.

உனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டு உன் வீட்டுக்கு வந்ததுதான் கடைசி. உன் அம்மா என்னை யாரென்று தெரியாமல் பாய் விரித்தார். கண்ணெல்லாம் மஞ்சளாக, கயிற்றுக் கட்டிலில் ஒட்டிக் கிடந்தாய். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். காய்ச்சல் பொய் என்றேன். நோட்டீஸ் வந்தது தெரியும் என்றேன். சிரித்தேன் என்றேன்.

நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்: "நான் கோல் போட்டத பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தினி பேரத் தாண்டினேன்?"

"நாலு பேர்."

"அஞ்சு" என்றாய். "உனக்கு ஆட்டம் தெரியும். அந்தக் கூட்டத்துல ஆட்டம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான், அதுவும் என்கூட ஆடினவ. அவ நல்லா ஆடினான்னு யார்கிட்டயாவது, ஒரே ஒருத்தர்கிட்டயாவது சொன்னியாடி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஜனம் சிரிச்சுது, போவுது. அது சினிமா பாத்த மாதிரி பாத்துட்டுப் போயிடுச்சு. உன் சிரிப்பு மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுச்சு. இன்னமும் கேக்குது."

"மன்னிச்சுடுடி" என்றேன்.

"ஊஹும்" என்றாய். கோபமாகக்கூட இல்லை. "அத நீயே வச்சுக்கினு இரு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். நான் எழுந்தேன். உன் அம்மா எனக்கு மோர் கொடுத்து, "தூரத்துலேர்ந்து வந்து பாத்துட்டுப் போறீங்க, நல்லா இருக்கணும்" என்றார். அதையும் வாங்கிக் குடித்தேன். அடுத்த மாதம் அடக்கத்துக்கு வந்தபோது, நொண்டிக் காலோடு கர்த்தருக்கு ஊழியம் செய்த பொறுமைசாலி என்று பாதிரியார் உன்னைப் பற்றிப் பேசினார். கால் எப்படிப் போனது என்று அவர் சொல்லவில்லை. யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று கூட்டத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் வீட்டில் யாருக்கும் உன்னைத் தெரியாது. நான் பந்து பிடித்தவள் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. என் பெண் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். சிரிப்பதற்கு ஏதாவது நடந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். "ஏம்மா நீ மட்டும் வாய மூடிக்கினு சிரிக்கிற?" என்று போன வாரம் கேட்டாள். பல்வலி என்று சொன்னேன்.