ஸ்டெல்லா இருமிக் காட்டினாள்

ஆடி 14, புதன், இரவு

தேர் காலனித் தெருவுக்குள் போகலாமா கூடாதா என்று ஊர் இரண்டாகி நிற்கிறது. இதை வகுப்பில் சண்டையில்லாமல் பேச வைப்பது எப்படி என்று உத்திரமேரூரில் இன்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பாக மாறிப் பேச வேண்டும். எனக்கு ஜோடி ஸ்டெல்லா. என் பள்ளியிலேயே வேலை, காலனியில் வீடு.

அவள் இருமிவிட்டு ஆரம்பித்தாள். "இன்னாம்மா புதுசா கேக்கற? எங்க நைனா காலத்துலேந்து தேரு இப்டிதான் போய்க்கினு கீது. உங்க தெருவுக்கு வந்தா சாமிக்கு இன்னா மரியாத?"

அச்சு அசல் என் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு அவளாக நான் பேச வேண்டும். ஒரு வார்த்தை வரவில்லை. வருஷக்கணக்காக ஒரே ஷேர் ஆட்டோவில் போய்வருகிறோம்.

"வுடுங்க மேடம், டீச்சருக்குக் கூச்சம்" என்று பயிற்சியாளரிடம் சொல்லி அவளே என்னைக் காப்பாற்றினாள்.

நாளை என் வகுப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளும் இருப்பார்கள். "ஸ்கூல்ல அந்தப் பேச்ச எடுத்தே, இந்த வூட்டுப் படி ஏறாத" என்று மாமனார் சாப்பிடும்போதே சொல்லிவிட்டார். எடுக்காவிட்டால் ஆட்டோவில் ஸ்டெல்லா பக்கத்தில் எப்படி உட்காருவேன்?

கூடத்தில் அவர் இன்னும் தூங்கவில்லை. இருமுகிறார். ஸ்டெல்லா இருமியது போலவே கேட்கிறது.