சுண்ணாம்பு பூசிய பீப்பாய்

பலேர்மோ
1996 கார்த்திகை 9

மடு முகாமில் இருக்கும் தம்பி அருளையாவுக்கு, அக்கா செலஸ்ரீனா எழுதுவது.

ஆடு பார்க்க வா என்று சாமியாரிடம் சொல்லி அனுப்பினதுக்கு, அந்தப் பங்குச் சாமியார் மூலமாகவே உன் கடிதம் வந்தது. ஒரே ஒரு வரி. கள்ளுக்காரன் வீட்டு ஆடு மேய்க்க நான் வரமாட்டன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முத்திரையும் ஒட்டிக் கடல் கடத்தி அனுப்பியிருக்கிறாய். ஆகவே உன் சுகத்தை விசாரிக்கவில்லை. இவ்வளவு கொழுப்பு இருக்கிறவனுக்கு முகாம் அரிசி நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று விளங்கிவிட்டது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நாலு நாளாக இதை எழுதுகிறேன். பிழை பார்த்துச் சிரிக்காதே. நீ எட்டாம் வகுப்பு வரை படித்துக் கிழித்ததை அந்த ஒரு வரியில் கண்டுகொண்டேன்.

நாங்கள் இப்போது பட்டணத்துக்குள் அந்த அல்பெர்கேரியாவில் இல்லை. வீடு துடைக்க மகள் யோசப்பின் போன வீட்டுக்கார அம்மா, இங்கத்தைய பேச்சில் சிஞ்ஞோரா, அவளுக்கு மலைப்பக்கம் ஒரு தோட்டம் இருக்கிறது. முந்திரிகைக் கொடி, வைன் வடிக்கிற கட்டடம், நாற்பது ஆடு. புருசன் செத்தபிறகு அவளுடைய மகன், சுற்றுலாக்காரர் பார்க்க வருவார்கள் என்று லாமா என்று ஆறு மிருகங்களை வாங்கி விட்டான். ஒருத்தரும் வரவில்லை. அவன் மிலானோவுக்கு ஓடிவிட்டான். சிஞ்ஞோரா எல்லாவற்றையும் யோசப்பினிடமும் மருமகன் அந்தோனிமுத்துவிடமும் பங்குக்கு விட்டிருக்கிறாள்.

லாமா எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஆட்டு உடம்பில் ஒட்டகக் கழுத்தைச் செருகினது போல இருக்கும். ஒரு வேலையும் செய்யாது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, தான் ஏதோ பெரிய வீட்டுப் பிள்ளை என்ற மாதிரி எல்லோரையும் கீழே பார்க்கும். கிட்டப் போனால் துப்பும். முதல் நாளே என் சட்டையில் துப்பியது. யோசப்பின் பதறிப்போனாள். நான் துடைத்துக்கொண்டு, இது எனக்குப் புதிசில்லை பிள்ளை என்றேன். முப்பத்தொன்பது வருசத்துக்கு முன் என் கலியாணத்தன்று கோயில் வாசலில் நீ துப்பினது அவளுக்குத் தெரியாது. எங்களைப் பெத்த அப்புவே சம்மதித்த கலியாணம். நீ மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, கள்ளு மணக்குது என்றாய். பதினேழு வயது உனக்கு. அன்று நீ போட்டிருந்தது நீலக் கோடு போட்ட சட்டை. மூன்றாவது பொத்தான் இல்லை.

பிறகும் என் வீட்டில் நீ ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. என் மனுசன் சூசைமுத்துவைச் சவப்பெட்டியில் வைத்திருந்த அன்றும் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாய். மழைகூட இல்லை. அவர் பனை ஏறினவர்தான். ஆனால் ஒருவர் முகத்திலும் துப்பினவர் இல்லை.

இப்போது என் மடத்தனத்தையும் கேள். சொல்லாவிட்டால் வேறு யாராவது உனக்கு எழுதுவார்கள். புரட்டாதியில் பழம் பிழிந்து பீப்பாயில் ஊற்றியிருந்தார்கள். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. ஐயோ, புளிக்கப் போகிறதே என்று நினைத்தேன். பனையில் இறக்குகிற கருப்பணி புளித்துக் கள்ளாகாமல் இருக்க என் மனுசன் பாளையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவது போல, கொட்டில் சுவருக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்துப் பீப்பாயின் உட்பக்கம் கை எட்டுமட்டும் பூசிவிட்டேன். மிச்சத்தையும் உள்ளே போட்டேன். வைன் என்றால் புளிக்கத்தான் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? ஒரு பீப்பாய் முழுக்கச் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

சிஞ்ஞோரா வந்து நின்று கத்தினாள். அந்தோனிமுத்து என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நான்தான் போட்டனான் என்று சொன்னார். ஒரு கள்ளுக்காரன் அப்படிச் செய்தான் என்பதை எழுதி வைக்கிறேன். ஆனால் என் முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. இந்தக் கிழவியை இனிப் பீப்பாய்ப் பக்கம் விடாதே, நீ வைனை விட்டு நகராதே, ஆடு பார்க்க வேறு ஆள் எடு என்று அவரிடம் சொன்னாள். ஆடு தெரிந்த ஆள் உங்களில் யாரும் உண்டோ என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

என் வாயில் உன் பெயர் வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். போன தையில் பிரசவத்தில் ஏழு குட்டி செத்தது. குறுக்கே கிடந்த குட்டியை உள்ளே கை விட்டுத் திருப்ப இங்கே யாருக்கும் தெரியாது. ஊரில் எங்கள் ஆடு கறுப்பிக்கு நீ திருப்பினதை நான் விளக்குப் பிடித்துக்கொண்டு பார்த்தவள். துப்பின வாய்க்கு அப்படி ஒரு கை.

சிஞ்ஞோரா தானே குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போய், உன் பெயரில் வேலைக்கு அழைக்கிற கடதாசி எடுத்திருக்கிறாள். இத்தோடு வைத்திருக்கிறேன். பங்குனி முடியும்வரைதான் அது செல்லும். வவுனியாவில் பயணப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போ. சாமியார் உன்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உன் மனுசி காய்ச்சலில் போனதை நாலு மாதம் கழித்து அவரிடமிருந்துதான் அறிந்தேன். அதையும் நான் மறக்கப் போவதில்லை. இனி அந்தக் கூடாரத்தில் நீ யாருக்குக் காவல் இருக்கிறாய்?

இந்தத் தோட்டத்தில் மூலைக்கு மூலை வைன் மணக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டுக்கொட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. காற்று அங்கிருந்து இங்கே வீசுமே தவிர, இங்கிருந்து அங்கே போகாது. மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த அறைக்கு என் கையால் வெள்ளையடித்தேன். சுண்ணாம்பு பூச எனக்குத் தெரியும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியுமே.

பல்லாரோ சந்தையில் உனக்கென்று ஒரு கோப்பை வாங்கி, அந்த அறை யன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவரும் அதில் வாய் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. தண்ணீரை நீயே கிணற்றில் அள்ளிக் குடி. துப்ப வேண்டுமென்றால் துப்பு, லாமா ஆறோடு ஏழாக இருந்துவிட்டுப் போ.

அந்தோனியார் உன்னைச் சோதனைச் சாவடி எல்லாம் தாண்டிக் கொண்டுவரட்டும். பதில் எழுதி முத்திரையை வீணாக்காதே. ஏறி வா.

அக்கா
செலஸ்ரீனா