புதிய பதிப்பில் நான் எழுதிய பத்தி

இன்று காலை ஒரு தாய் தன் பையிலிருந்து மீனெண்ணெய்ப் போத்தலை எடுத்து என் மேசையில் வைத்தாள். மூடி சரியாக இறுகவில்லை. மேசை விரிப்பில் ஒரு வட்டம் ஊறியது. "இதையும் குடுக்கட்டா டொக்டர்?" என்று கேட்டாள். கொடுக்கலாம், கெடுதல் இல்லை என்றேன். அவள் போன பிறகு விரிப்பை மாற்றச் சொன்னேன். வாசம் போகவில்லை. மத்தியானம் வரை அந்த வாசத்தோடுதான் நோயாளிகளைப் பார்த்தேன். ஹெந்தளையில் உன் தலைமாட்டில் அப்படியொரு போத்தல் ஐந்து மாதம் இருந்தது. குடிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாய். குடித்த பிறகு, "இதுவும் மருந்துப் பட்டியல்ல இருக்குதுதானே" என்பாய்.

உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் கடிதம் எதற்கு? தினமும் சந்தித்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கி மருத்துவக் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் எனக்குப் படிக்கத் தெரியாது. மனப்பாடம் செய்யத் தெரியும். முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை, அரைப்புள்ளி உட்பட, ஒப்பிப்பேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அது போதுமாக இருந்தது. கல்லூரியின் முதல் சோதனையில் ஓர் எலும்பைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதே பக்கத்தில் இருந்த நரம்பைப் பற்றி ஒரு எழுத்தும் பிசகாமல் இரண்டு தாள் நிரப்பிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு வெளியே பெண்கள் இருக்கும் வாங்கில் தனியாக இருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே என் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாய். பக்கம் முழுவதும் சிவப்புப் பென்சில் கோடு.

"எல்லாத்துக்கும் கோடு போட்டா ஒண்ணுக்கும் போடாத மாதிரித்தான்" என்றாய்.

"எல்லாம் முக்கியம்தானே?"

"துரைக்கு எல்லாம் முக்கியமில்ல. அவர் ஒரு விஷயத்ததான் சொல்ல வாரார். மிச்சமெல்லாம் அதுக்குச் சாட்சி."

எந்தப் புத்தகமானாலும் அதை எழுதிய ஆங்கிலேயரை நீ துரை என்றுதான் சொல்வாய். சாட்சி, வழக்கு என்று நீ பேசுவதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. உன் தகப்பனார் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் கிளாக்கராக இருந்தார். தீர்ப்புகளைப் பிரதி எடுக்க வீட்டுக்குக் கொண்டுவருவார். பத்து வயதில் அவருக்கு வாசித்துச் சொன்னவள் நீ. நடந்தது என்ன, ஒரு பக்கம் என்ன சொன்னது, மறுபக்கம் என்ன சொன்னது, நீதிபதி எதை ஏற்றார், ஏன் ஏற்றார். எந்தக் காகிதத்தை எடுத்தாலும் இவை எங்கே இருக்கின்றன என்று உன் கண் தேடும்.

அந்த வருடம் முழுவதும் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து டிராமும் பிறகு ரயிலும் பிடித்து மாமா வீட்டுக்கு வருவாய். தலைப்புகளை மட்டும் முதலில் வாசிக்க வைப்பாய். பிறகு ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரியை விட்டு மற்றதை உள்ளங்கையால் மூடுவாய்.

"இனி என்ன வரும், சொல்லு."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். 'மூணு காரணம்'னு முதல் வரியில சொல்லிட்டார். இனி மூணும் வரணும். வராட்டி அவர்ல பிழை."

கையை எடுப்பாய். மூன்றும் வந்திருக்கும். அந்தப் பத்தி எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஓரத்தில் ஒரே ஒரு சொல்லில் எழுதச் சொல்வாய். 'ஆனால்', 'ஆயினும்' வரும் இடங்களைச் சுற்றி ஒரு வட்டம். "துரைக்குப் பயம். நாலு வசனம் எழுதினா ஒரு 'ஆனால்' போடாம அவரால இருக்க ஏலாது. அவர் உண்மையில என்ன நினைக்கிறார்னு அதுக்குப் பொறகுதான் இருக்கும்." அடுத்த சோதனையில் தேறினேன். மாமி உனக்கென்று எடுத்துவைத்த பனங்காய்ப் பணியாரத்தை நீ ரயிலிலேயே சாப்பிட்டு முடித்ததாகத் திங்கட்கிழமை சொன்னாய்.

மூன்றாம் வருடத்தில் வைத்திய நூலுக்கு வந்தோம். எல்லா நோய்க்கும் ஒரே ஒழுங்கு: இன்னதென்று விளக்கம், காரணம், உடலுக்குள் நடக்கும் மாற்றம், குறிகள், போகும் போக்கு, முடிவு, மருந்து. நீ ஒரு விதி கண்டுபிடித்தாய். மலேரியாவில் மருந்துப் பகுதியின் முதல் சொல்லே குயினைன். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். வேறு சில நோய்களுக்கு மருந்து மூன்று பக்கம், நான்கு பக்கம். "நீளமா இருந்தா சந்தோஷப்படாத. இருபது மருந்து எழுதியிருந்தா ஒண்ணும் வேலை செய்யலன்னு அர்த்தம்." அதைச் சொல்லி நீ சிரித்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. கெட்டிக்காரி ஒருத்தியின் சிரிப்பு.

அடுத்த வருடம் இருமத் தொடங்கினாய். மழைக்காலம் என்றாய். பின்னேரங்களில் உன் கை சுடும். ஒருநாள் கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டுக் கைக்குட்டையை விரித்து இரத்தக்கறையைக் காட்டினாய்.

"குறிகள் பகுதியில நாலாவது பத்தி வரைக்கும் என்கிட்ட இருக்குது" என்றாய்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் இரண்டு பக்கமும் காசநோய் இருந்தது. கொட்டாஞ்சேனை வீடு நெருக்கமானது, தம்பி தங்கைகள் வேறு. அதனால் ஹெந்தளையில் உன் சித்தியின் வீட்டுப் பின்விறாந்தையில் உன்னைக் கிடத்தினார்கள். கடற்காற்று நல்லது என்றார்கள். முட்டை, பால், மீனெண்ணெய், அசையாமல் படுத்திருத்தல். நுரையீரலைச் சுருக்க ஊசியால் நெஞ்சுக்குள் காற்றேற்றும் சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நோய் இருந்ததால் அதைத் தொடர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புறக்கோட்டையில் பஸ் ஏறி உன்னிடம் வருவேன். உன்னோடு அங்கே வந்து தங்கியிருந்த உன் அம்மா எனக்குத் தனிக் கோப்பையில் தேத்தண்ணி தருவார். உன் கோப்பை அடுப்புக்குப் பக்கத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும்.

உலக யுத்தம் முடிந்து கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கிய காலம் அது. அந்த வைத்திய நூலின் புதிய பதிப்பு கல்லூரி நூலகத்துக்கு வந்திருப்பதாக வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நீ சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"யுத்தத்துக்குள்ள ஏதும் புதுசாக் கண்டுபிடிச்சிருப்பாங்க. அந்த அதிகாரத்த எனக்கு எழுதிக் கொண்டு வா. வெளியில தர மாட்டாங்க, தெரியும். கொப்பியில எழுது. ஒரு வரியும் விடாம. நீதான் அதுக்குச் சரியான ஆள்."

நான்கு நாள் நூலகத்தில் இருந்து எழுதினேன். மருந்துப் பகுதி பழைய பதிப்பைவிட இரண்டு பக்கம் நீண்டிருந்தது. தங்க உப்பு ஊசி, புதிய சத்திரசிகிச்சைகள், மலைப்பகுதி வாசம். கடைசியில் ஒரு சிறு பத்தி. இரு நுரையீரலிலும் நோய் பரவியவர்களுக்கு இவற்றில் எதனாலும் நிலையான பலன் கண்டதில்லை. அவர்களுடைய எஞ்சிய நாட்களை இலகுவாக்குவதே வைத்தியர் செய்யக்கூடியது. அதில் ஒரு 'ஆனால்' கூட இல்லை. நான் பேனாவை மூடிவைத்துக் கடைசி ரயில் வரைக்கும் நூலகத்து வாங்கிலேயே இருந்தேன்.

அடுத்த நாள் அந்தப் பத்தியின் இடத்தில் வேறொன்று எழுதினேன். பூரண ஓய்வும் நல்ல ஊட்டமும் கிடைக்கும் இளவயதினர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் குணமடைகிறார்கள் என்று. துரையின் சொற்களை அங்குமிங்கும் பொறுக்கி, அவருடைய நடையிலேயே ஐந்து வசனம். எழுதும்போது எனக்கே நம்பிக்கை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முதலில் தலைப்புகளை மட்டும் பார்த்தாய். பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வரி. மருந்துப் பகுதி எத்தனை பக்கம் என்று எண்ணினாய். அம்மா தூணைப் பிடித்தபடி நின்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் உன் விரல் நின்றது. திரும்பவும் வாசித்தாய்.

"அம்மா, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டு வாங்க" என்றாய். அவர் உள்ளே போனார்.

"இத எழுதினது நீதானே?"

நான் கொப்பியை வாங்கக் கையை நீட்டினேன்.

"அஞ்சு வசனம். ஒரு 'ஆனால்' இல்ல. நம்பிக்கையாச் சொல்றதுக்கு முன்னால துரை நாலு வேலி போடுவார். எங்க வேலி?" மூச்சு வாங்கியது. "அங்க என்ன இருந்திச்சு?"

"விடு."

"உனக்குப் பாடம் இருக்கும். சொல்லு."

எனக்குப் பாடம் இருந்தது. என் வாழ்க்கையில் நான் கடைசியாக மனப்பாடமாக ஒப்பித்த பத்தி அதுதான். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு எழுத்தும் பிசகாமல், ஆங்கிலத்தில் சொன்னேன். முடிக்கும்போது அம்மா சுடுதண்ணியோடு வந்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் செபம் சொல்வதாக நினைத்தாரோ என்னவோ, கோப்பையை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

நீ அழவில்லை. கொப்பியை மூடி என் மடியில் போட்டாய்.

"நாலு மாசமா எல்லாரும் எனக்குப் பொய் சொல்றாங்க. டொக்டர், சித்தி, ஃபாதர். நீ வாசிக்கத் தெரிஞ்சவள்னு நம்பித்தானே கேட்டேன். அடுத்த கிழமை வராத."

வரவில்லை. அதுதான் என் இரண்டாவது பிழை. நீ கோபத்தில் சொன்னதை நான் ஒரு கட்டளையைப் போல எடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் சோதனை. மூன்றாம் வாரம் வந்தபோது விறாந்தையில் சாய்மனைக் கதிரை வெறுமையாக இருந்தது. உன்னை உள்ளறைக்கு மாற்றியிருந்தார்கள். பேச உனக்குக் குரல் இல்லை. நோய் தொண்டைக்கும் பரவியிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தேன். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டார் என்று அறை நிறைய ஆட்கள். உன் கால்மாட்டில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய், பிறகு யன்னலைப் பார்த்தாய். கோபமா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை தரம் நினைத்துப் பார்த்தும் அந்தப் பார்வையை வாசிக்க முடியவில்லை. அந்த வியாழக்கிழமை நீ போய்விட்டாய்.

அடக்கத்துக்குப் பிறகு, கொட்டாஞ்சேனை வீட்டில், அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அந்தக் கொப்பியில என்ன எழுதியிருந்திச்சு, மகள்? நாங்க ஏதும் செய்யாம விட்டுட்டோமா?"

"இல்லையம்மா. செய்யக்கூடியதெல்லாம் நீங்கள் செய்தனீங்கள். அதுக்கு மேலை ஒரு மருந்தும் இல்லையெண்டுதான் புத்தகத்திலை இருந்தது."

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பார்க்க வருபவர்களிடமெல்லாம் சொன்னார்: இங்கிலீசுப் புத்தகத்திலேயே இல்லையாம், என்ன செய்ய ஏலும்?

நான் தேறி வைத்தியரானேன். சில வருடங்களில் உன் நோயைக் குணமாக்கும் ஓர் ஊசி மருந்து வந்தது. அடுத்த பதிப்பில் மருந்துப் பகுதியின் முதல் சொல்லே அதுதான். உன் விதிப்படி அந்தப் பகுதி சுருங்கியிருந்தது. இளவயதினர் பெரும்பாலும் குணமடைகிறார்கள் என்று துரை எழுதியிருந்தார், வேலி போட்டுத்தான். நான் திருடி எழுதிய பத்திதான் கிட்டத்தட்ட. வாசித்துவிட்டு வார்டுக்குப் போய் உன் வயதில் இருந்த ஒருத்திக்கு அந்த ஊசியைப் போட்டேன். அவள் வீட்டுக்குப் போனாள். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அந்த வருடம் திருநாளன்று கொட்டாஞ்சேனையில் கோயில் வாசலில் அம்மாவைக் கண்டேன். மெலிந்திருந்தார். என்னைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"எங்க பக்கத்து வீட்டு மருமகளுக்கும் அதே வருத்தம், மகள். ரத்தம் ரத்தமா எடுத்தா. ஊசி போட்டாங்க. இப்ப கோயிலுக்கு நடந்து வாரா. அந்தா நிக்கிறா, பாரு."

பார்த்தேன்.

"அந்த ஊசிய எங்க புள்ளைக்கு ஏன் போடல்ல?"

"அப்ப அந்த மருந்து இருக்கேல்லையம்மா. பிறகுதான் வந்தது."

"பொஸ்தகத்துலயும் இருக்கல்லயா?"

"இல்லையம்மா."

அவர் மெதுவாக, என்னைப் புண்படுத்திவிடக் கூடாதே என்ற பயத்தோடு கேட்டார்:

"நீ நல்லாப் பாத்தியா மகள்?"

"ஓம் அம்மா. பாத்தனான்."

தலையாட்டினார். நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த ஒன்பது வருடமும் நான் அவரைப் பார்க்கப் போனேன், அவர் தேத்தண்ணி தந்தார், அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவே இல்லை. நான்கு நாள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தது உண்மை என்று சொல்ல உலகத்தில் எனக்கு இருந்த ஒரே சாட்சி நீ.