போஸ்டருக்குப் பின்பக்கம் இல்லை

இன்று உன் காரியத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையின் கைமுனையில் மைதாப் பசை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. துவைத்தும் அந்தப் புளித்த நாற்றம் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அதுதான் மூக்கில் ஏறியது. லீவு போட்டுவிட்டு, ஊரில் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் தேடிப் போய், அதற்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டு திரிந்தவன் நான்தான். இந்த வயதில் இது என்ன வேலை என்று கேட்பாய். கோபம்டா. உன் மச்சான் மேல் கோபம். அதைவிட உன் மேல் கோபம்.

கடலூரில் வேலை கிடைத்துப் போனபிறகு நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருகிறவன். அன்று காலை புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிர்ச் சுவரில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். சுற்றிலும் கறுப்புக் கட்டம். ‘உழைப்பின் சிகரம்’, ‘பாசத்தின் இமயம்’, ‘புதுவையின் ஒளிவிளக்கு’. நீ எப்போது விளக்கானாய்? எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நீ. கீழே துயரத்தில் வாடுகிறவர்கள் என்று ஒரு பட்டாளம். அதில் உன் மச்சான் பெயர் உன் பெயரைவிடப் பெரிய எழுத்து. கைகூப்பிய படம் வேறு. படித்தேன், மறுபடி படித்தேன், கீழே அச்சகத்தின் பெயர்வரை படித்தேன். உன்னை எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள், எந்தச் சுடுகாடு, ஒன்றும் இல்லை.

முத்தியால்பேட்டைக்கு ஓடினேன். உன் வீடு பூட்டியிருந்தது. தெருவே வேன் பிடித்துக் கிளம்பிப் போயிருந்தது. கருவடிக்குப்பம் சுடுகாடுதான் என்று நானே முடிவு கட்டி, டீக்கடையில் சைக்கிள் வாங்கிக்கொண்டு மிதித்தேன். “இன்னிக்கு இங்க யாரும் வரலீங்களே” என்றார் அங்கே இருந்தவர். இன்னொரு சுடுகாட்டுக்கும் போனேன். கடைசியில், திரும்பி வந்தபோது, உன் எதிர்வீட்டுக் கிழவர்தான் ஜன்னல் வழியாகச் சொன்னார்: “பாகூர் பக்கம் அவரு சொந்த ஊருக்கு எடுத்துட்டுப் பூட்டாங்களேப்பா. தெரியாதா?”

தெரியாது. உன் ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். உன் பெண்சாதி என்னைப் பார்த்ததும் உடைந்துபோய்விட்டது. “எடுக்கறதுக்கு முன்னால, அண்ணன் இன்னும் வரலியேன்னு கேட்டேண்ணே. ‘அதான் ஊரு பூரா போஸ்டர் ஒட்டியிருக்குதே, வரணும்னா வருவான்’னு சொல்லிட்டாரு.” மச்சான்தான் சொன்னது. பக்கத்திலேயே நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். சாவு வீடு என்று விட்டேன்.

நோட்டீஸில் எதைப் போடவேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவனாயிற்றே நீ! எமர்ஜென்சி முடிந்த வருஷம், மில் மூடிக் கிடந்தபோது நெல்லித்தோப்பில் நாம் மூன்று பேரும் மோட்டார் ரிப்பேர் கடை போட்டோம். வேலை உன்னுடையதும் என்னுடையதும், முதல் உன் மச்சானுடையது. அவன் அப்பாவுக்குப் பிரெஞ்சுப் பென்ஷன். அந்தத் தோரணையில் கடைப் பெயருக்கு முன்னால் ‘மேசோன்’ என்று போடவேண்டும், பிரெஞ்சில் கடைக்கு அதுதான் மரியாதை என்று ஒற்றைக்காலில் நின்றான். முதல் நோட்டீஸ் அவன் எழுதினது. தன்னிகரற்ற, ஈடு இணையற்ற, நாணயத்தின் இருப்பிடம். நடுவில் அவன் படம்.

அந்த நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பாகூர்க்காரர் ஒருவர் மாட்டுவண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். செவ்வாய் நமக்கு விடுமுறை. பூட்டின கதவைப் பார்த்துப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுபடி அவர் வந்தபோது மோட்டாரைக் கொண்டுவரவில்லை. “வேற எடத்துல குடுத்துட்டேன். நாத்து காஞ்சிப் போச்சி. லீவுன்னு ஒரு வார்த்தை இதுல போடக் கூடாதா?” என்று நோட்டீஸை உன் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். உனக்கு முகம் சிவந்துவிட்டது. மிச்சமிருந்த நோட்டீஸ்கட்டை அன்றைக்கே பஜ்ஜிக் கடைக்குக் கொடுத்தாய்.

அதற்கப்புறம் நீ செய்த காரியத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். வருகிறவர்கள் வாசலில் நின்று எதைக் கேட்கிறார்களோ அதையெல்லாம் கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் எழுதிக்கொண்டே வந்தாய். மோட்டார் திடீரென்று நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பது? எந்த நாள் கடை இருக்காது? வண்டியை எங்கே நிறுத்துவது? பாகூர் பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்குவது? மோட்டாரோடு வேறென்ன கொண்டுவரணும்? காயில் கட்டி முடிய எத்தனை நாளாகும்? கதவு நிறைந்ததும், அடிக்கடி கேட்கப்பட்டதை மேலே போட்டு நோட்டீஸ் எழுதினாய். முதல் வரியே, மோட்டாரைக் கழற்றும் முன் ஃபியூஸைப் பாருங்கள் என்பதுதான். மச்சான் குதித்தான். “அதையும் நாமளே சொல்லிட்டா எவன்டா கடைக்கு வருவான்?” நீ நிமிரக்கூட இல்லை. “வீணா வந்துட்டுப் போனவன்தான் மறுபடி வரமாட்டான்” என்றாய். நான் அன்றைக்கு உன்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஆனால் அதோடு நிற்கவில்லையே நீ. மச்சான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதும் இறங்கிவந்துவிட்டாய். முன்பக்கம் அவன் புராணமும் படமும், பின்பக்கம் நம் விஷயம். “வுடுடா, காயிதத்துக்குத்தான் ரெண்டு பக்கம் இருக்குதே” என்றாய். அன்றைக்குச் சிரித்தோம். பாகூர், வில்லியனூர்ப் பக்கமெல்லாம் மோட்டார் கொட்டகைச் சுவரில் நம் நோட்டீஸை ஒட்டிவைத்திருந்தார்கள், பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. மச்சான் முகம் சுவரோடு சுவராகப் பசையில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. கடை நிலைத்து நின்றதே அந்தப் பின்பக்கத்தால்தான்.

அந்தச் சிரிப்புதான் இப்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. போஸ்டருக்குப் பின்பக்கம் இல்லையேடா! நீ இருந்தவரை அவனுக்கு முன்பக்கத்தை விட்டுக்கொடுத்தே பழக்கினாய், நீ போனதும் மொத்தமும் அவன் கைக்குப் போயிற்று. உன் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? “நமக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்களுக்கும் தெரியும்னு நெனைக்காத” என்று என்னை எத்தனை தரம் அதட்டியிருக்கிறாய். உனக்கு மட்டும் அது இல்லையா?

அதனால்தான் பசை காய்ச்சினேன். துண்டுக் காகிதத்தில் உனக்கு ஒரு பட்டமும் போடவில்லை. ‘நெல்லித்தோப்பு மோட்டார் கடைக்காரர் இறந்துவிட்டார். காரியம் வரும் ஞாயிறு காலை ஒன்பது மணி, முத்தியால்பேட்டையில் அவர் வீட்டில். மணிக்கூண்டில் இறங்கிக் கேட்கவும்.’ அவ்வளவுதான். ஊருக்குள் மட்டுமில்லை, பாகூரிலும் வில்லியனூரிலும் கடைத்தெருவில் உன் போஸ்டர் இருந்த இடமெல்லாம் ஒட்டினேன்.

வந்தார்கள்டா. தோளில் துண்டோடு கும்பல் கும்பலாக வந்தார்கள். பந்தல் கொள்ளவில்லை. நாற்று காய்ந்துபோன அந்தப் பாகூர்க்காரரும் வந்திருந்தார், நரைத்துப்போய். நம் இரண்டாவது நோட்டீஸுக்குப் பிறகு அவர் வேறு கடைக்குப் போனதில்லை. “கீழ ஒட்டியிருந்த சின்னக் காயிதத்தப் பாத்துதாங்க வந்தோம். மேல பெருசா இருந்தது யாரோ கட்சிக்காரருன்னு நெனைச்சிட்டோம்” என்றார். மச்சான் இந்தப் பக்கம் வந்து என் தோளைத் தட்டி, “பாத்தியா, நம்ம போஸ்டருக்கு இன்னா கூட்டம்!” என்றான். நான் சாம்பார் வாளியை அவன் கையில் கொடுத்து, “போய் ஊத்து” என்றேன்.

என் சாவுக்கான போஸ்டரை நானே எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். பட்டம் வேண்டாம், படம் வேண்டாம், எந்தச் சுடுகாடு, எந்த பஸ் என்று மட்டும் மேலே போடு என்று என் பையனிடமும் சொல்லியாயிற்று. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

இத்தனை செய்தும் ஆறவில்லை. உன் ஊர் கடலூர் ரோட்டில் கன்னியக்கோயில் திருப்பத்தில் இறங்கிப் போகவேண்டிய ஊர். அன்று காலை நான் வந்த பஸ் அங்கே நின்று ஆள் இறக்கிவிட்டுத்தான் வந்தது. உன் போஸ்டரில் இல்லாத அந்த ஒரு வரியைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டு நான் நின்றபோது, முதுகுக்குப் பின்னால் அதே பஸ் திரும்பிப் போக நின்றது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, “கன்னியக்கோயில், கடலூர், ஏறு ஏறு” என்று கத்திக்கொண்டிருந்தான். உன் முகத்தைப் பார்த்திருப்பேன்டா.