கீழே வைக்காதே, சாமி படம்

ஜூலை 6, சனி

சாப்பாட்டுத் தட்டு வைக்க இடமில்லை. மேஜை முழுக்க பவர் பேங்க். மூன்று சாம்பிள்.

நைனாவின் பிரிண்டிங் கடைக்கு ஆடிக் கிருத்திகை ஆர்டர் வந்திருக்கிறது. மனை விற்கிற சந்திரமோகன் சார் மலையடிவாரத்தில் பந்தல் போடுகிறாராம். மோர் குடித்துவிட்டு, போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி பேர் போட்ட பவர் பேங்க் இலவசம்.

நைனா ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி. முதல் சாம்பிள் சின்னது, லேசானது, விலை ஜாஸ்தி. இரண்டாவது சுமார். மூன்றாவது செங்கல் மாதிரி கனம். விலையும் குறைவு.

"கையில வாங்கினா கனமா இருக்கணும். லேசா இருந்தா, ஓசில குடுக்கிறான் பாரு பிச்சைக்காரன்னு பேசுவானுங்க."

"ஆங்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு எல்லாமே ஆங்தான்.

சார்ஜ் ஏறுகிறதா பார்க்கச் சொல்லி மூன்றையும் என்னிடம் தந்தார். பார்க்கிற வேலை மட்டும் எனக்கு. சொல்கிற வேலை இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

மூன்றாவது சாம்பிள் அம்மாவின் போனைப் பாதி வரை ஏற்றிவிட்டுச் செத்துப்போனது. மேலே மட்டும் இருபதாயிரம் எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருக்கிறான். அதில் பாதிதான் போட்டிருக்கிற முதல் சாம்பிள் அதே போனை இரண்டு தடவை முழுசாக ஏற்றியது.

சொன்னேன். "நீ ஒழுங்கா சொருவி இருக்க மாட்ட" என்றார் நைனா.

பன்னிரண்டாம் வகுப்பில் பிசிக்ஸ் படிக்கிறேன். எனக்குச் சொருகத் தெரியாதா?

ஜூலை 11, வியாழன்

மூன்றாவது சாம்பிளைப் பிரித்துவிட்டேன். தையல் மிஷின் ஸ்குரூடிரைவரை ஓரத்தில் விட்டு நெம்பினேன், மூடி வந்துவிட்டது.

உள்ளே விரல் அகலத்துக்கு மெலிசாக ஒரு பேட்டரி. மூன்று தடவை சார்ஜ் போட்டதற்கே லேசாக உப்பியிருக்கிறது. மீதி இடமெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மணல்.

மணல்! ஆற்றில் அள்ளினால் லாரியைப் பிடிக்கிறார்கள். இங்கே பை பையாகக் கட்டி விற்கிறான் ஒருவன்.

மூடியைத் திரும்ப ஒட்டிவிட்டேன். நைனாவை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள். நாளை சொன்னால் நல்ல வேளை பார்த்தாயே என்பார்.

ஜூலை 12, வெள்ளி

அவருக்குத் தெரியும்.

மூடியை மறுபடி நெம்பி, மணலை மேஜையில் கொட்டிக் காட்டினேன். முகத்தில் ஓர் ஆச்சரியமும் இல்லை. கதவைச் சாத்தினார்.

"தெரியும்டி. சும்மா குடுக்கிற பொருளு. அதுல இன்னா தங்கமா வச்சிக் குடுப்பாங்க?"

"உப்புது நைனா. வெடிச்சா?"

"சந்திரமோகன் சார் வேலைதான் இந்தக் கடைக்குச் சோறு. பேனர், காலண்டர் எல்லாம் அவருதான். வெளிய எங்கியாவது வாயத் தொறந்த, ஸ்கூலும் கெடையாது ஒண்ணும் கெடையாது. வூட்ல உக்கார வச்சிடுவேன்."

சொன்னதைச் செய்கிறவர். என் டான்ஸ் கிளாஸை ஒரே வார்த்தையில் நிறுத்தியவர்.

அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை வலிக்கிறது. மணலை நானேதான் கூட்டி அள்ளினேன். அதுவும் என் வேலை.

ஜூலை 20, சனி

கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டு போனேன். சந்திரமோகன் சார் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வெறும் பேரு போட்டா ரெண்டு நாள்ல பரண்ல ஏறிடும் கங்காதரா. வள்ளி தெய்வானையோட முருகன் படம் போடு. கெட்டே போனாலும் எவனும் தூக்கிப் போடமாட்டான். சாமியும் வூட்ல இருக்கும், கீழ நம்ம பேரும் இருக்கும். எப்படி?"

"சார் மூளையே மூளை" என்றார் நைனா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சாம்பாரைக் கொட்டிவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

நாள் முழுக்க கடையில் பேக்கிங். மிஷினிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தரையில் வைத்தேன். நைனா பாய்ந்து வந்தார்.

"ஏய்! கீழ வைக்காதடி, சாமி படம்!"

பெட்டிக்குக் கற்பூரம் வேறு காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே மணல். வெளியே முருகன். கீழே வைத்தால் மட்டும் பாவமா? அந்தக் கற்பூரத்தை — வேண்டாம், எழுதமாட்டேன்.

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. ஊரே மஞ்சள். காவடிகள் அரோகரா அரோகரா என்று பந்தலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. நம்பர் எழுதியவர்களுக்கு எடுத்துக் கொடுக்க என்னை நிறுத்தினார் நைனா. எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர்கூட இது வேலை செய்யுமா என்று கேட்கவில்லை.

என் வகுப்பு ஷாலினியின் அம்மா ஜெயம்மா அத்தை கே.ஜி.கண்டிகையிலிருந்து பால்குடம் எடுத்து வந்திருந்தார். மஞ்சள் புடவை, காலெல்லாம் புழுதி. அவருக்கும் கொடுத்தேன். நைனா பக்கத்திலேயே நின்றார்.

"நல்லா இரு கண்ணு" என்று அத்தை என் தலையைத் தொட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் ஷாலினி சொன்னாள்: "எங்க வூட்டு முருகனுக்குத் தொப்பை வந்துடிச்சிடி. அவங்க அண்ணன் மாதிரியே ஆயிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

"அத எங்க வச்சிருக்கீங்க?"

"சாமி மாடத்துல. சார்ஜும் ஏற மாட்டுது. சாமி படத்தக் குப்பையிலயா போடுவாங்க? எங்கம்மா குங்குமம் வச்சி விளக்குப் பக்கத்துல வச்சிருக்கு."

விளக்குப் பக்கத்தில்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் ஷாலினியோடு பஸ் ஏறிவிட்டேன்.

அவர்கள் வீடு பாதி ஓடு, பாதி ஓலை. மாடம் ஓலைப் பக்கம். விளக்குக்கும் அதற்கும் நடுவே என் கட்டைவிரல்தான் போகும். மூடி வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. படம் நடுவில் வெடித்து, வேலுக்கும் வள்ளிக்கும் இடையே கோடு விழுந்திருக்கிறது.

"அத்தை, இத எடுத்து வெளிய வச்சிடுங்க."

"சாமியையா? இன்னா பேச்சு பேசுது பாரு இந்தப் பொண்ணு" என்று சிரித்தார். தட்டில் வேர்க்கடலை வைத்தார்.

மணல் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் சாயங்காலத்துக்குள் சேதி கடைக்கு வந்துவிடும். அப்புறம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கடலையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். தின்றேன்! ச்சீ.

நைனா மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று என்மேலும்.

ஆகஸ்ட் 17, சனி

அம்மா வீடு துடைக்கும்போது லட்சுமி படத்தின் கண்ணாடி விரிந்துவிட்டது. உடனே மஞ்சள் துணியில் சுற்றி அரசமரத்தடியில் கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள். நேற்று வரை பூ வைத்துக் கும்பிட்ட படம்.

"பின்னமான படம் வூட்ல இருந்தா ஆவாதுடி. ஒரு வேளைகூட வச்சிருக்கக் கூடாது."

ஒரு வேளைகூட.

அம்மா, உனக்குத் தெரியாது நீ என்ன சொன்னாய் என்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ரெக்கார்டு நோட்டு வாங்க என்று பொய் சொல்லிவிட்டு மறுபடியும் போனேன்.

"அத்தை, முருகன் படம் வெடிச்சிருக்கு பாருங்க. பின்னமானத வூட்ல வச்சிக்கலாமா?"

ஜெயம்மா அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைச் சுருக்கிக் கிட்டே பார்த்தார். "ஐயய்யோ, ஆமா. விளக்கேத்துறேன், இத கவனிக்கலயே நானு!" விளக்கை மலையேற்றிவிட்டு, மஞ்சள் துணியால் அதை எடுத்து முற்றத்துக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான். பேட்டரி, மணல், வெடிக்கும், எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கெணத்துல விட்டுடட்டா?"

"தண்ணில போடக் கூடாது அத்தை. அடுப்பு, வெயில் எதுலயும் வைக்காதீங்க. படம் போட்ட கடையிலயே திருப்பிக் குடுத்துடணும். வாங்கின எல்லார் கிட்டயும் சொல்லுங்க."

"யாரு கடை?"

"எங்க நைனா கடை."

என் குரல்தானா அது?

ஆகஸ்ட் 24, சனி

வந்துவிட்டார்கள்.

காலையில் கடை திறந்ததும் ஜெயம்மா அத்தை. பின்னாலேயே அவர் தெருப் பெண்கள் நான்கைந்து பேர். மதியத்துக்குள் மணவூரிலிருந்து ரயிலில் ஒரு குடும்பம். தட்டில், முறத்தில், மஞ்சள் துணியில், வெற்றிலை பாக்கோடு. ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. பணமா கொடுத்தோம் சண்டை போட? சாமியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள்.

நைனா முதலில் கையை நீட்டவே இல்லை. "இங்கல்லாம் வாங்கறதில்லமா."

"நீங்கதானங்க படம் போட்டது?" என்றார் ஜெயம்மா அத்தை. "வேற எங்க போயி குடுக்கிறது?"

நைனா வாங்கினார். கீழே வைக்கக் குனிந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்துவிட்டார். மேஜை மேல் வைத்தார். மேஜை நிறைந்ததும் நாற்காலி. நாற்காலியும் நிறைந்ததும் உட்கார இடமில்லாமல் நின்றார்.

கடைசியில் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு பெரியவர் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். பிரித்தால் கரி. முருகன் முகம் மட்டும் பாதி தெரிந்தது.

"பொகைஞ்சிடுச்சிங்க. மாடத்துத் துணியெல்லாம் எரிஞ்சிடுச்சி, மருமவதான் தண்ணி ஊத்துச்சி. எங்க மேலதான் தப்பு. சாமி குத்தம் ஆயிடப்போவுதுன்னு எடுத்துகினு வந்தேன். மன்னிச்சிடுங்க."

நைனாவிடம் மன்னிப்புக் கேட்டார்!

நைனா அந்தக் கரியை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். வைக்க இடமில்லை.

அதே நாள்

"யார்றி சொன்னது?"

"நான்தான்."

அறைந்தார். காது இன்னும் கொய்யென்கிறது.

"மணல்னு சொன்னியா?"

"இல்ல. பின்னம்னு மட்டும்தான் சொன்னேன்."

இன்னொரு அறைக்குத் தூக்கிய கையைப் பார்த்தார். கரி ஒட்டியிருந்தது. இறக்கிவிட்டார். "ஸ்கூலுக்குப் போனது போதும்" என்றார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

யூனிபார்ம் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"அவ போவக் கூடாதுன்னேனே" என்றார் நைனா.

"போறா" என்றாள் அம்மா.

ஆங் சொல்லவில்லை. என் வயசுக்கு முதல் தடவையாகக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கடைக்குப் பின்னால் நைனா ஓர் இரும்பு டிரம் வைத்திருக்கிறார். அடியில் மணல் பரப்பி, வந்ததையெல்லாம் அதில் அடுக்கி, தீப்பிடிக்காமல் இருக்க மேலே மணலால் மூடுகிறார். இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. என்னோடு பேசுவதில்லை. நானும்தான்.

மணலுக்கு இப்போதாவது உருப்படியான வேலை.

அக்டோபர் 5, சனி

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

தீபாவளி ஆர்டருக்காக சந்திரமோகன் சார் கடைக்கு வந்தார். திரும்ப அதே பவர் பேங்க். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். நைனா சொன்னார்: "இந்த வாட்டி சாமி படம் வேணாம் சார்."

ஒரு நொடி எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனாவுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் அந்தச் செங்கலை, மூன்றாவது சாம்பிள் ரகத்தில் புதுசு ஒன்றை, எடுத்து நீட்டினார். "வெறும் பேரு போதும். கெட்டுப் போச்சின்னா அவங்களே தூக்கிப் போட்டுடுவாங்க. நம்மகிட்ட வரமாட்டாங்க."

அவ்வளவு பேர் முறத்திலும் தட்டிலும் எடுத்து வந்ததிலிருந்து அவர் கற்றுக்கொண்டது இதுதான். இதுதான்!

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"படம் போடலாம் நைனா. சார் போட்டோவையே போடலாம்."

சந்திரமோகன் சார் முகம் மலர்ந்தது. மீசையைத் தடவினார். "பாத்தியா கங்காதரா, பொண்ணு இன்னா சொல்லுது! என் மொகமா? நல்லாத்தான் இருக்கும்."

"நல்லா இருக்கும் சார். ஆனா இது ஒரு மாசத்துல உப்பிடும். உங்க மொகம்தான் வீங்கும். நடுவுல வெடிச்சிக் கோடு விழும். வூடு வூட்டுக்கு அப்படித்தான் இருக்கும்."

நைனா என் பக்கம் திரும்பினார். நான் டீயை மேஜையில் வைத்தேன். சிந்தவில்லை.

சந்திரமோகன் சார் கையிலிருந்த செங்கலை உற்றுப் பார்த்தார். தன் முகம் அதில் உப்புவதைப் பார்க்கிற மாதிரி. காதுகிட்டே வைத்து ஆட்டினார். மெல்லக் கீழே வைத்தார். நைனா காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த முதல் சாம்பிளை எடுத்தார்.

"இது வீங்காதா பாப்பா?"

"இது நல்ல கம்பெனி சார். ஜூலைலருந்து எங்கம்மா இதுலதான் சார்ஜ் போடுது. அப்படியேதான் கீது."

"கங்காதரா, இதையே போட்டுடு."

சாமி முகம் வெடிக்கலாம். இவர் முகம் வெடிக்கக் கூடாது. ஆர்டர் மாறிவிட்டது, ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

நைனா வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், படுத்தார். அடிக்கவில்லை.

அக்டோபர் 19, சனி

பெட்டிகள் வந்தன. மிஷினில் போட்டு முடிந்ததும் அடுக்கக் கூப்பிட்டார் நைனா. ஒரு கையாலேயே தூக்கிவிட்டேன். கனமே இல்லை. ஒவ்வொன்றிலும் சந்திரமோகன் சார் கைகூப்பிச் சிரிக்கிறார்.

"எங்க வைக்கட்டும் நைனா?"

நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கீழயே வை" என்றார்.