உன்னை விசாரிக்க வந்த பொலிஸ்

ஸ்பிரிங்வெளி,
பதுளை.
18.02.1999

அன்பு மகள் ஜீவராணிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மா புண்ணியத்தில் இங்கே நல்லபடி இருக்கோம், அந்தப் பனியிலே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா இருக்கணும்னு விளக்கு வைக்கிறப்ப எல்லாம் கேட்டுக்கிறேன். அப்பாவுக்கு இருமல் தேவலை. வீட்டிலே மத்தவங்க பிள்ளைங்களைப் பார்த்துக்கிற லைசன்ஸுக்கு, நீ எப்படிப்பட்டவள்னு இங்கேயிருந்து பொலிஸ் பேப்பர் வேணுமாம்னு எழுதியிருந்தியே, எனக்குப் பெரிய புதினமா இருந்தது. நம்ம தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலே தொட்டில் ஆட்டுற ஆயாவை எந்தப் பொலிஸில் விசாரிச்சாங்க, பால் குடுக்கப் போறப்ப பிள்ளை முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்குவோம். அங்கே பிள்ளைங்களையும் கேட்பாங்களா, இல்லை பெரியவங்களை மட்டும்தானா?

இங்கே நடந்ததைக் கேளு. செவ்வாய்க்கிழமை அப்பாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன், அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ்காரர் லயத்துக்கு வந்து ஜீவராணி யாருன்னு கேட்டிருக்கார். நம்ம பிள்ளைங்க பேரைச் சொல்லிப் பொலிஸ் வந்தா பிடிச்சுக்கிட்டுப் போகத்தான்னு உனக்குத் தெரியாதா. அடுத்த காம்பரா பெரியாயி, அப்படி ஒரு பிள்ளை இந்த லயத்திலேயே இல்லைங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டா, மத்தவங்களும் கேள்விப்பட்டதே இல்லைன்னுட்டாங்க. சாயங்காலம் வந்து, உன் மகளைக் காப்பாத்திட்டேன், தேத்தண்ணி ஊத்துன்னு உட்கார்ந்துட்டா. அவர் வந்தது உன் பேப்பருக்கா இருக்கும்னு எனக்குப் பட்டுச்சு. ஆளே இல்லைன்னு எழுதிட்டார்னா உனக்கு லைசன்ஸ் எப்படிக் கிடைக்கும்?

விஷயத்தைச் சொன்னதும் அவளே மறுநாள் என்கூட ஸ்டேசனுக்கு வந்தா. பொய் சொன்னதுக்கு உள்ளே போட்டுடுவாங்களோன்னு பஸ்ஸிலே என் கையை விடலை. லயத்திலே ஏன் பொய் சொன்னேன்னு அந்தப் பொலிஸ்காரர் அதட்டினார். "பிள்ளையைப் பிடிக்க வந்தீங்களா, நல்லது செய்ய வந்தீங்களான்னு நீங்க சொல்லலையேங்க"ன்னா. அவர் எங்க ரெண்டு பேரையும் உட்காரச் சொன்னார். என் மூணு பிள்ளைங்களும் ஜீவராணி இடுப்பிலதான் வளர்ந்துச்சு, ஒரு கீறல் கிடையாதுன்னு சிங்களமும் தமிழுமா பெரியாயி சொல்ல, எல்லாம் எழுதிக்கிட்டார். கைநாட்டு வைக்க மையை என் பக்கம் தள்ளினார், நான் பேனாவைக் கேட்டு முழுப்பேரும் எழுதினேன். பேப்பர் நல்லபடி வரும்னு சொல்லியிருக்கார்.

பேத்திக்குக் காது மூடாம வெளியே கொண்டு போகாதே. பெரியாயிக்குத் தனியா ரெண்டு வரி எழுது. எல்லாரும் நோய்நொடி இல்லாம, மனசு குளிர இருங்க. ஒண்ணு மட்டும் கேட்கணும்னு இருக்கு, உன்னைத் தேடி யாராவது வந்தா பயந்துபோய்ப் பொய் சொல்ல அங்கே உனக்கு யாரும்மா இருக்கா?

உன் அம்மா
அங்கம்மா